குழந்தையோடு ஊட்டி குளிருக்குக் கிளம்புறீங்களா? வெளியில் இருப்பதைவிட மூடிய அறைக்குள் அதிக கவனம் தேவை... ஏன்?

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டதும் பல குடும்பங்கள் முதலில் யோசிப்பது ஊட்டி அல்லது கொடைக்கானலைத்தான். "உறைபனி பார்த்துட்டு வரலாம்" என்று ஆறு மாசக் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. ஸ்வெட்டர் வாங்கியாச்சு, குல்லா வாங்கியாச்சு, ரூமும் புக் பண்ணியாச்சு. அப்புறம் என்ன கவலை?

பகலில் பூங்காவிலும் படகு இல்லத்திலும் சுற்றும்போது குழந்தைக்குப் பெரிய சிக்கல் வருவது குறைவு. ராத்திரி குளிர் தாங்காமல், குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பெரியவர்கள் செய்யும் சில காரியங்கள்தான் உயிருக்கே ஆபத்தாக முடிகின்றன.

உண்மையில் எவ்வளவு குளிர் இருக்கும்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனிக் காலம். மேகம் இல்லாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் வேகமாக மேலே போய்விடும். கனமான குளிர்காற்று பள்ளமான இடங்களில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பகுதிகளில் வெப்பநிலை சில நாட்களில் 0 டிகிரியைத் தொடுகிறது.

அதே நாள் மதியம் வெயில் 20 டிகிரி வரை ஏறலாம். சென்னையில் டிசம்பர் ராத்திரியிலும் சுமார் 20 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பழகிய குழந்தை, ஒரே நாளில் இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

அறைக்குள் கரி அடுப்பு... ஏன் கூடவே கூடாது?

மலைப்பகுதி விடுதிகளில் ராத்திரி கேம்ப் ஃபயர், பார்பிக்யூ வைப்பது இப்போது சாதாரணம். எல்லாம் முடிந்ததும், "புகைதான் நின்னுடுச்சே, கங்கு மட்டும்தானே இருக்கு" என்று கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் மலைச் சுற்றுலாத் தலங்களில் நடந்திருக்கின்றன.

காரணம் கார்பன் மோனாக்சைடு வாயு. கரி, விறகு, கேஸ் எதுவானாலும் போதிய காற்று இல்லாமல் எரியும்போது இது உருவாகும். நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை வராத கங்கிலிருந்தும் வெளியாகும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும்.

தலைவலி, வாந்தி, மயக்கம், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை அறிகுறிகள். "மலை ஏறினது ஒத்துக்கல" என்று நினைத்துத் தூங்கப் போய்விடுவதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சல் இல்லாமல், ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

அப்போது செய்ய வேண்டியது: குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உடனே திறந்த வெளிக்கு வர வேண்டும். அப்புறம் 108-ஐ அழைக்க வேண்டும். பெட்டி, போன் எடுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. வெளியே வந்ததும் தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும்.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. ஜன்னலை மூடி, கீசரை ஓடவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. வெந்நீரை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, காற்று வெளியேறிய பிறகு உள்ளே போவது பாதுகாப்பு. நிறுத்திய காரில் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது.

ரூம் புக் பண்ணும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். மின்சார ஹீட்டர் இருக்கிறதா? ஜன்னலைத் திறக்க முடியுமா? கீசர் மின்சாரத்தில் ஓடுவதா, கேஸா?

குழந்தைக்குக் குளிர்வதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் உடல் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பச்சிளம் குழந்தைகளுக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. "குழந்தை அழவே இல்லையே, குளிரலை போல" என்ற கணக்கு இங்கே தப்பு. அதிகமாகக் குளிர்ந்த குழந்தை அழாமல் சோர்ந்து அமைதியாகிவிடும்.

கை, கால் ஜில்லென்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பாருங்கள். அங்கே ஜில்லென்று இருந்தால் குளிர் ஏறுகிறது என்று அர்த்தம். வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம்.

பச்சிளம் குழந்தைக்கு இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபாரன்ஹீட் கணக்கில் 97.7 முதல் 99.5. எந்த வயதானாலும் 35 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 95 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அது அவசர நிலை. பையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

என்ன உடுத்தலாம்? எப்படித் தூங்க வைக்கலாம்?

ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட, மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்று புகாத ஜெர்கின். பெரியவர்கள் போடுவதைவிடக் குழந்தைக்கு ஓர் அடுக்கு கூடுதலாக இருக்கட்டும். மதியம் வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். உறைபனிப் புல்லில் விளையாடினால் சாக்ஸ் நனைந்துவிடும். ஈரத்தில் சூடு வேகமாக இறங்கும் என்பதால் மாற்று சாக்ஸ் கையிலேயே இருக்க வேண்டும்.

ராத்திரியில் ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை அப்பா அம்மாவுக்கு நடுவில் படுக்க வைத்து, கனமான கம்பளியைத் தலைவரை இழுத்துவிடக் கூடாது. மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. உடம்பை முழுசாக மூடும் உடுப்பைப் போட்டு, பக்கத்திலேயே தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. அறைக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். முகத்தில் சரியலாம். ஹீட்டரை முன்கூட்டியே போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, தூங்கும்முன் அணைத்துவிடலாம்.

குழந்தை ரொம்பக் குளிர்ந்துவிட்டால் ஈர உடுப்பை மாற்றி, அம்மாவோ அப்பாவோ விழித்தபடி வெறும் மார்போடு அணைத்து, மேலே போர்த்திக்கொள்ளலாம். எந்த அடுப்பும் இல்லாமல் உடல் சூட்டை ஏற்றும் எளிய வழி இது.

தைலம், கற்பூரம், ஒரு சொட்டு பிராந்தி... சரியா?

மூன்றுமே வேண்டாம். ஊட்டி போனால் நீலகிரித் தைலம் வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. ஆனால் அந்தத் தைலத்தைச் சிறிதளவு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மூக்கு, முகத்தில் தடவவே கூடாது.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். அதற்கும் வலிப்பை உண்டாக்கும் தன்மை இருக்கிறது. பிராந்தி சூடு தருவது போலத் தோன்றினாலும் உண்மையில் உடல் வெப்பத்தையும் ரத்தச் சர்க்கரையையும் இறக்கிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கொடுக்கக் கூடாது.

இருமல் மருந்தும் அப்படித்தான். 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. "வழியில மெடிக்கல்ல வாங்கிக்கலாம்" என்ற யோசனையே வேண்டாம்.

மலை ஏறும்போது...

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் 2 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான் குமட்டல் அதிகம். வயிறு முட்டச் சாப்பிட வைக்காமல், கையில் போன் கொடுக்காமல், தூரத்தை வேடிக்கை பார்க்க வைத்தால் குறையும். காது அடைத்துக் கைக்குழந்தை அழுதால் பால் கொடுங்கள், விழுங்கும்போது அடைப்பு விடும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போவது நல்லது. வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்தால், குழந்தையோடு சோதனைச்சாவடியில் குளிரில் காத்திருக்க வேண்டியதில்லை.

யார் பயணத்தைத் தள்ளிப்போடலாம்? எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதய நோயுள்ள குழந்தை, சமீபத்தில் நிமோனியா வந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். வீசிங் இருக்கும் குழந்தைக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் அல்ல.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவள்வது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது... இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ரூமுக்குப் போனதும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேம்ப் ஃபயர் போட்டால், அந்தக் கங்கு வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தூங்கப் போங்கள்.