மெய்நிகர் இயந்திரம்

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினியில் இயங்கும் இயங்குதளத்தின் உள்ளேயே இன்னொரு இயங்குதளத்தை இயக்குவதற்காக மென்பொருளால் அமைக்கப்படும் கணினி ஆகும். வெளியே உள்ளது புரவலர் இயங்குதளம் எனவும், உள்ளே உள்ளது விருந்தினர் இயங்குதளம் எனவும் அழைக்கப்படுகின்றன.

இது இரட்டைத் தொடக்க முறையிலிருந்து வேறுபட்டது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசும், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தன. ஆயினும் ஒரு நேரத்தில் ஒன்றையே இயக்க முடியும். மற்றதற்கு மாறக் கணினியை மீளத் தொடங்க வேண்டும். ஒரு கட்டளையைச் சோதித்துப் பார்க்க இது பெரிய விலைதான்.

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் அதே பாஸ் லினக்சை விண்டோசின் ஒரு சாளரத்திலேயே இயக்கலாம். விருந்தினரின் வன்தட்டு, புரவலரைப் பொறுத்தவரை ஒரு பெரிய கோப்பு மட்டுமே. எனவே வன்தட்டைப் பிரிக்கையில் வீட்டார் சேமித்துள்ள ஒளிப்படங்கள் அழிந்துவிடும் இடர் இல்லை. விருந்தினர் பழுதானால் அக்கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

நினைவகம் மட்டும் மெய்யானது. 4 ஜிபி நினைவகத்தில் 2 ஜிபியை விருந்தினருக்குக் கொடுத்தால், அது இயங்கும் வரை புரவலருக்கு எஞ்சுவது மற்றப் பாதியே.

ஐபிஎம் 1960களிலேயே பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாண்டது. எக்ஸ்86 செயலிகளின் சில கட்டளைகள் இதற்குத் தடையாக இருந்தன. 1999இல் விஎம்வேர் அவற்றை இயங்கும்போதே மாற்றி எழுதி அத்தடையைக் கடந்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் செயலியிலேயே சேர்த்தன. சில கணினிகளில் இவ்வசதி அணைக்கப்பட்டிருக்கும். பயோஸ் அமைப்புகளில் அதை இயக்கிய பின்னரே 64-பிட்டு விருந்தினரை நிறுவ இயலும்.