பால் சேராதவர்களுக்கும் ஒரு தீபாவளிப் பானம்

தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, முறுக்கு, நெய்யுருண்டை. வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியில் டின்பால் தாராளமாக இருக்கும். குறைத்து ஊற்றினால் கஞ்சன் என்று பேர் வந்துவிடும். குடிக்கிறவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சொன்னால் வீட்டுக்கார அக்கா மனம் கோணும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரித் திண்ணையில் வரிசை. "ஐயா, வயிறு கும்முன்னு ஊதிக்கிச்சு", "ராத்திரியெல்லாம் வயித்தால போச்சு", "வயித்துல புண்ணு இருக்குமோ?" இப்படிப் பல பேர். முறுக்கு எண்ணெயைக் குறை சொல்வார்கள், ஆட்டுக்கறியைக் குறை சொல்வார்கள். ஆனால் பாலைச் சந்தேகப்படுகிறவர் ரொம்பக் குறைவு. பால் நல்லதுதானே, அது எப்படிக் கெடுக்கும் என்பது நம் எண்ணம்.

சிலருக்கு இது தீபாவளிக்கு மட்டும் வருகிற தொல்லை அல்ல. தினமும் பசியாறிய பிறகு வயிறு இரைச்சல், வேலைக்காட்டில் அவசரம், அதனால் அரை நாள் வேலை போவது என்று வருஷக்கணக்கில் சிரமப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் வயிற்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவார்கள். ஆகவே தோழர்களே, தாய்மார்களே, இந்த முறை பால் ஏன் சிலருக்குச் சேர்வதில்லை என்பதையும், பால் இல்லாமலே விருந்தாளிக்குக் கொடுக்கத் தகுந்த ஒரு பானத்தையும் பார்ப்போம்.

வயிறு ஏன் உப்புகிறது?

பாலில் இயற்கையாகவே ஒரு சீனி இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். இதைச் செரிக்க நம் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற ஒரு பொருள் சுரக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் இது நன்றாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு பலருக்குப் படிப்படியாகக் குறைந்துவிடும். இது வியாதி அல்ல, உடம்பின் இயல்பு. உலகத்தில் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இப்படித்தான். வட இந்தியர்களைவிடத் தென்னிந்திய வழியில் வந்தவர்களிடம் இது அதிகம்.

செரிக்காத பால்சீனி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. குடலில் உள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைத்துக் காற்றை உண்டாக்குகின்றன. அதனால்தான் உப்புசம், இரைச்சல், பிடித்து வலிப்பது, பேதி எல்லாம். குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களில் பலர் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கிளாஸ் பால் வரை தாங்குவார்கள். ஒரே நாளில் ஆறேழு வீட்டில் பால் தேத்தண்ணி, பாயசம், பால்கோவா என்று சேரும்போதுதான் வயிறு கையை விரிக்கிறது. தயிரும் மோரும் பலருக்குச் சேரும். உறைய வைக்கும் கிருமிகளே பால்சீனியில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதே காரணம்.

நமக்கும் அப்படித்தானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு வாரம் பால், டின்பால், மாவுப்பால், பைக்கெட்டில் வரும் மூன்று சேர்ந்த காப்பி, மைலோ எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். வயிறு அடங்கிவிட்டதா? பிறகு ஒரு நாள் ஒரு கிளாஸ் பால் குடித்துப் பாருங்கள். தொல்லை திரும்பி வந்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஒன்று மட்டும் கவனம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, காய்ச்சல், தூக்கத்தை எழுப்பும் வலி இருந்தால் பால்மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே வந்து காட்டுங்கள்.

டின்னுக்குள் என்ன இருக்கிறது?

டின்பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு பெரிய கரண்டி டின்பாலில் ஏறக்குறைய 11 கிராம் சீனி. ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி என்றால் 20 கிராமுக்கு மேல். ஐந்து வீட்டுக்குப் போனால் 100 கிராமைத் தாண்டும். சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு.

இப்போது கடையில் விற்கும் பல டின்களில் 'கிரிமர்' என்று எழுதியிருக்கும். அதில் பால் குறைவு, செம்பனை எண்ணெயும் சீனியும் அதிகம். நாம் குலை வெட்டிப் போட்ட எண்ணெய் சுற்றி வந்து நம் தேத்தண்ணியிலேயே மிதக்கிறது. பால் இல்லை என்று நினைத்து அதை வாங்காதீர்கள். பால்பொருள் அதிலும் உண்டு.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சீனி அதிகமாக இருந்தது. இன வாரியாகப் பார்த்ததில் இந்தியர்களிடம்தான் கூடுதல். ஆகவே வயிற்றுக்காக மட்டும் அல்ல, இனிப்புநீருக்காகவும் டின்னைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

சுக்குத் தேங்காய்ப்பால் செய்யும் முறை

ஆறு பேருக்கு வேண்டியவை (1 கப் என்பது 250 மில்லி):

தேங்காய் – 1
சுக்கு – ஒரு அங்குலத் துண்டு
ஏலக்காய் – 6
பட்டை – இரண்டு அங்குலம்
கிராம்பு – 4
மிளகு – 10
பாண்டான் இலை – 2
பச்சரிசி மாவு – 1 மேசைக் கரண்டி
கூலா மலாக்கா – 60 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

முதலில் கசாயம். சுக்கு, ஏலம், பட்டை, கிராம்பு, மிளகு எல்லாவற்றையும் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மாவாக்க வேண்டாம், தொண்டையைக் கமறும். இரண்டு கப் தண்ணீரில் போட்டு, பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுச் சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். ஒன்றரைக் கப்பாக வற்றும். கூலா மலாக்காவை நறுக்கிப் போட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் நின்றுவிடும்.

தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்து முதல் பாலைத் தனியாக வையுங்கள். அதே துருவலில் மூன்று கப் தண்ணீர் விட்டுப் பிழிந்து இரண்டாம் பாலை எடுங்கள். நமக்கு முக்கியமாக வேண்டியது இந்த இரண்டாம் பால்தான். முதல் பாலில் அரைக் கப் போதும். மீதியைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிச் சந்தான் என்றால் 150 மில்லியை மூன்று கப் தண்ணீரில் கலந்தால் போதும். முதல் பால் தனியாகத் தேவையில்லை.

இரண்டாம் பாலில் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் கசாயத்தோடு சேருங்கள். சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். மாவு வெந்து லேசாகக் கெட்டிப்பட்டதும் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றுங்கள். அதன் பிறகு கொதிக்க விடக்கூடாது, திரிந்துவிடும். உப்பைப் போட்டு இறக்குங்கள். ஒரு டம்ளருக்கு 10 கிராம் கூலா மலாக்காதான் வருகிறது. டின்பால் தேத்தண்ணியில் இருப்பதில் பாதி. ஏலமும் பட்டையும் பாண்டானும் மணப்பதால் இனிப்புக் குறைவாகவே தெரியாது.

நாள் முழுக்க ஆள் வந்து போகும் வீடாக இருந்தால் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். நம் வெயிலில் தேங்காய்ப்பால் சீக்கிரம் கெட்டுவிடும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கசாயத்தை அதிகமாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு, ஆள் வர வரத் தேங்காய்ப்பாலைச் சேர்த்துச் சூடாக்குவதே நல்லது.

யார் யார் கவனிக்க வேண்டும்?

இனிப்புநீர்க்காரர்கள்: கூலா மலாக்காவும் சீனிதான். நாட்டுச்சர்க்கரை, பனங்கட்டி, தேன் எல்லாம் அப்படியே. "இது இயற்கை, ஒண்ணும் செய்யாது" என்ற பேச்சை நம்பாதீர்கள். இனிப்புச் சேர்க்காமல் ஒரு பாத்திரத்தில் தனியாக எடுத்து வையுங்கள். பண்டிகை என்று மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிடாதீர்கள்.

இருதய நோய், கொழுப்பு உள்ளவர்கள்: தேங்காய்ப்பாலில் கெட்டிப்படும் கொழுப்பு அதிகம். ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். அல்லது தேங்காய்ப்பாலுக்குப் பதில் சீனி போடாத சோயாப்பால் சேருங்கள். வீட்டிலேயே சோயா அரைத்தால், வடிகட்டிய பிறகு பத்துப் பதினைந்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். நுரை பொங்கியதும் வெந்துவிட்டது என்று இறக்கினால் அதுவே வயிற்றைக் கெடுக்கும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்: மிளகையும் கிராம்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜாதிக்காய் பிரியர்கள்: மணத்துக்கு முழுப் பானைக்கும் ஒரு சிட்டிகை போதும். ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, புத்தித் தடுமாற்றம் வரும். குழந்தை தூங்குவதற்காக ஜாதிக்காயை உரசி நாக்கில் தடவும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு இது பால் அல்ல

தாய்மார்கள் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் வெள்ளை, பசும்பாலும் வெள்ளை, டின்பாலும் வெள்ளை. ஆனால் சத்து ஒன்றல்ல. தேங்காய்ப்பாலில் குழந்தை வளர்வதற்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. டின்பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுப்பதும் ஆகாது. 1939-ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலை நிறுத்தி டின்பால் கொடுப்பதால் பச்சைக் குழந்தைகள் சாகின்றன என்று கம்பெனிக்காரர்கள் முன்னிலையில் துணிந்து சொன்னவர் அவர்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பால் குடித்ததும் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது நாம் மேலே சொன்ன பால்சீனித் தொல்லை அல்ல, ஒவ்வாமை. ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.

பால் சேருகிறவர்கள் பாலைக் குடிக்கட்டும், அது நல்ல உணவுதான். சேராதவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு மரியாதைக்காகக் குடிக்க வேண்டியதில்லை. அவர்கள் சுண்ணாம்புச் சத்துக்கு நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடலாம், தவ்வு, கேழ்வரகு, கீரை சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவரிடம், "அண்ணே, பால் போட்டதா, போடாததா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளாஸை நீட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு அந்த ஒரு வார்த்தையே பெரிய உதவி. எல்லாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.