இன்னும் எத்தனை நிமிஷம்?

டாக்டரிடம் போனால் நாம் என்ன கேட்போம்? "ஊசி வலிக்குமா சார்?", "பில் எவ்வளவு ஆகும்?" ஹோஸே கரேராஸ் கேட்டது வேறு. "இன்னும் எத்தனை நிமிஷம்?"

காரணம் இருக்கிறது. முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

ஸ்பெயினில், பார்சிலோனாவில் 1946-ல் பிறந்தவர். அப்பா, உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் இருந்ததால் வாத்தியார் வேலை பறிபோய், டிராஃபிக் போலீஸ்காரர் ஆனவர். அம்மா பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் சின்னக் கடை வைத்திருந்தார். ஆறு வயசில் 'தி கிரேட் கரூஸோ' படம் பார்த்த பையன், அதிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு! தொல்லை தாங்காமல் அதட்டினால் பாத்ரூமில் போய்ப் பாடுவானாம். (நாமெல்லாம் அங்கேயே தங்கிவிட்டோம். அவன் வெளியே வந்துவிட்டான்!)

எட்டு வயசில் ரேடியோ. பதினோரு வயசில் ஊரின் பெரிய ஆபரா மேடையான லிசேயு. நடுவில் காலேஜில் கெமிஸ்ட்ரி சேர்ந்து, பாதியில் கும்பிடு போட்டுவிட்டார். பி.காம். முடித்துவிட்டுப் பேனா பிடிக்கும் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஆபரா என்பது வசனமே பாட்டாக வருகிற நாடகம். மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அந்தக் குரலோடு லண்டன், நியூயார்க், மிலான் மூன்று ஊர் மேடைகளையும் 1975 முடிவதற்குள் பார்த்துவிட்டார் மனிதர்.

1987 ஜூலை. பாரிஸில் சினிமா ஷூட்டிங். திடீரென்று உடம்பு படுத்தியது. ரத்தப் புற்றுநோய்! பிழைக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். வயசு நாற்பது.

பார்சிலோனாவில் சிகிச்சை, பிறகு அமெரிக்காவின் சியாட்டில். அவருடைய எலும்பு மஜ்ஜையையே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றும் வைத்தியம். முழு மயக்கம் கொடுத்தால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும். குரல் கெட்டுவிடுமே! வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உயிரே ஊசலாடும்போது குரலைப் பற்றிக் கவலைப்பட்ட மனுஷன்!

கதிர்வீச்சின்போதுதான் அந்தக் கேள்வி. எத்தனை நிமிஷம் பாக்கி என்று தெரிந்ததும், அந்த நீளத்துக்கு ஒரு பாட்டை மனசுக்குள் பாட ஆரம்பித்துவிடுவார். பாட்டு முடிந்தால் வேதனையும் முடிந்தது.

எதிரியாக இருந்த பாடகர் டொமிங்கோ ரகசியமாக அறக்கட்டளை வைத்து இவரைக் காப்பாற்றினார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. கண் கலங்கும். ஆனால் கட்டுக்கதை! அறக்கட்டளை தொடங்கியவர் கரேராஸேதான், பிழைத்து எழுந்து, 1988-ல்.

அதே வருஷம் ஜூலையில் பார்சிலோனாவில் மறுபடி பாடினார். திரண்டது சுமார் ஒன்றரை லட்சம் பேர். 1990-ல் ரோம் நகரில் பவரொட்டி, டொமிங்கோ, இவர் என்று மூவரும் ஒரே மேடையில். வாத்தியக் கோஷ்டியை நடத்தியவர் நம்ம பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா!

குரலில் பழைய பளபளப்பு இல்லை என்று சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இருக்கட்டும். அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னும் எத்தனை நிமிஷம்?" ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து நாமும் தினம் நாலு தடவை கேட்கிற கேள்விதான். அந்த நிமிஷங்களை நிரப்ப உள்ளே ஒரு பாட்டு இருக்கிறதா, அதுதான் விஷயம்!