ஒருவர் மட்டும் மேடையில் – 7: காஸாவின் பிள்ளைகள்

ஓராள் நாடகத்துக்கு நடிகரும் பேச்சும் போதும், மற்றதெல்லாம் கூடுதல்தான் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வேறெதுவும் வாய்க்காத ஓர் இடத்தில் பிறந்த பிரதியைப் பற்றி இந்த வாரம் பேசலாம்.

2008 டிசம்பர் 27 அன்று காஸா மீது இஸ்ரேல் தொடங்கிய தாக்குதல் 22 நாட்கள் நீடித்தது. சுமார் 1,400 பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குண்டுவீச்சு நின்ற பிறகும் 2007 முதல் இருந்துவந்த முற்றுகை விலகவில்லை. ஈமான் அவுனும் எட்வர்ட் முஅல்லிமும் 1991இல் தொடங்கிய அஷ்தார் அரங்கம் ரமல்லாவில் இருக்கிறது. அங்கிருந்து காஸாவுக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நினைத்தால் போய்வர முடியாது. அந்தக் குழுவிடம் காஸாவிலேயே நாடகம் பயின்றுவந்த பதின்வயதுப் பிள்ளைகள், மனத்தில் அடைபட்டுக் கிடந்ததைப் பயிற்சியின் ஊடே பேசிப் பேசி, பிறகு எழுதினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட சிறு பிரதிகள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் சொந்தச் சொல். அவைதான் ‘காஸா தனிமொழிகள்’.

2010 அக்டோபர் 17 அன்று பல நாடுகளில் இளைஞர்கள் ஒரே நாளில் அவற்றை அவரவர் மொழியில் நடித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலும் அந்தக் குரல்கள் ஒலித்தன. எழுதிய பிள்ளைக்கு எல்லை தாண்ட வழியில்லை. எழுத்துக்கு ஒரு நடிகரின் தொண்டை கிடைத்தால் போதும். தனிமொழி என்ற வடிவத்தின் பலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பத்துப் பேர் வேண்டும், ஒத்திகைக் கூடம் வேண்டும், விளக்கு வேண்டும் என்றால் இந்த எழுத்து இத்தனை ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

நடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் குழந்தையின் துயரத்தை நடிக்கும்போது குரலை மழலையாக்குகிறார்கள், முதல் வரியிலேயே கண்ணீரைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த நொடியில் பிள்ளை காணாமல் போய், நடிகரின் இரக்கம்தான் மேடையில் நிற்கிறது. போரைப் பார்த்த பிள்ளை பெரும்பாலும் அழுதுகொண்டு பேசுவதில்லை. பரீட்சையைப் பற்றிப் பேசும், பந்தைப் பற்றிப் பேசும், அதே மூச்சில் இடிந்த வீட்டைப் பற்றிச் சொல்லும். எதற்கு எவ்வளவு கனம் என்று அது நிறுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. நடிகரும் நிறுத்துப் பார்க்கக் கூடாது. கனத்தைச் சுமக்க வேண்டியவர் பார்வையாளர்.

கவ்லா இப்ராஹீம் எழுதித் தானே நடித்த ‘கூரையில் ஒரு தட்டல்’ இதையே தாயின் பக்கமிருந்து செய்கிறது. கோலான் குன்றுகளின் மஜ்தல் ஷம்ஸ் ஊர்க்காரர் அவர். கட்டடத்தைத் தகர்ப்பதற்கு முன் எச்சரிக்கையாகக் கூரைமேல் சிறு குண்டைப் போடுவது இஸ்ரேலிய ராணுவத்தின் வழக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களுக்காக மரியம் என்ற பெண் ஓடிப் பழகுகிறாள். எதை எடுப்பது, எவ்வளவு தூரம் ஓடலாம் என்று கணக்குப் போடுகிறாள். தூங்கும் மகனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா என்று பார்க்க, அவன் எடைக்குத் தலையணை உறையில் பொருள்களை அடைத்துத் தூக்கி ஓடுகிறாள். மேடையில் ஒரு நாற்காலி; அவ்வளவுதான். 2024இல் எடின்பரோ விழாவிலும், 2025இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் மேடையேறியது. மகன் நம் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. அவன் எடை மட்டும் தெரிகிறது. நான் அறிந்த போர் நாடகங்களில் இதற்கு இணையான மேடைக் கற்பனை மிகக் குறைவு.

இந்த எச்சரிக்கை முறை 2014 போரில் பலமுறை பயன்பட்டது. அந்தப் போரில் மட்டும் 551 குழந்தைகள் கொல்லப்பட்டதாக ஐ.நா. விசாரணை ஆணையம் பதிவு செய்தது. 2018 ஆகஸ்ட் 9 அன்று காஸா நகரில் இருந்த சில அரங்குகளில் ஒன்றான சயீத் அல் மிஷால் பண்பாட்டு மையமும் வான்வழித் தாக்குதலில் தரைமட்டமானது. பிள்ளைகள் ஏறி நிற்க இருந்த மேடையும் போயிற்று. 2023 அக்டோபருக்குப் பிறகு கொல்லப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பல ஆயிரங்களைத் தாண்டிவிட்டது. காயத்தோடு வரும் குழந்தைக்கு உயிரோடு உறவினர் எவருமில்லை என்பதைக் குறிக்கவே காஸா மருத்துவர்கள் தனியாக ஒரு சுருக்கெழுத்தை வைத்துக்கொள்ள நேர்ந்தது.

2023 நவம்பரில் அஷ்தார் மறுபடி உலக நாடகக்காரர்களை அழைத்தது: 29ஆம் தேதி, எங்கிருந்தாலும், தனிமொழிகளை வாசியுங்கள் என்று. 1947இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் நிறைவேறிய நாள் அது. 1977இல் அதைப் பாலஸ்தீன மக்களோடு ஒருமைப்பாட்டு நாளாக ஐ.நா. அறிவித்தது. அந்த அழைப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் எழுதியதில் காலாவதியானது என்று எதுவும் இல்லாமல் போனதுதான் கொடுமை.

கல்லூரி நாடக மன்றங்களுக்கும் ஊர்தோறும் இருக்கும் சிறு குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: வரும் நவம்பர் 29 அன்று இவற்றில் ஒன்றையாவது தமிழாக்கி வாசியுங்கள். ஒரு வகுப்பறை போதும், நடிகர் ஒருவர் போதும். எழுதியவரின் பெயரையும் அவர் எழுதியபோது இருந்த வயதையும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.