மூன்று பாஸ் கணக்கு

1995 ஜூலையில் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள விகன் ஊருக்கு ஸ்பெயினிலிருந்து மூன்று கால்பந்து ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ராபர்டோ மார்டினெஸ், ஹெசூஸ் செபா, இசித்ரோ தியாஸ். நிலக்கரியும் பருத்தி ஆலையும் வளர்த்த ஊர் அது. ரக்பி லீக் என்றால் உயிரை விடும். கால்பந்து அங்கே இரண்டாம் தாரம்தான். விளையாட்டுப் பொருள் கடைகளை வரிசையாகத் திறந்து பணம் சேர்த்த டேவ் வீலன் அந்த ஆண்டுதான் விகன் அத்லெட்டிக் அணியை வாங்கியிருந்தார். ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு எல்லையைத் திறந்துவிட்ட பாஸ்மன் தீர்ப்பு வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஸ்பெயின்காரர் ஒருவர் இங்கிலாந்தின் கடைக்கோடி லீக்கில் பிழைக்கப் போவதெல்லாம் அப்போது கேள்விப்படாத சங்கதி. ஊர்க்காரர்கள் அந்த மூவருக்கும் ‘மூன்று அமிகோக்கள்’ என்று பெயர் வைத்தார்கள்.

அணி ஆடியது மூன்றாம் டிவிஷனில். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1992-இல் பிரீமியர் லீக் தனிக்குடித்தனம் போனதும் மிச்சமிருந்த டிவிஷன்களுக்கு எண்ணை மாற்றிவிட்டார்கள். இரண்டாவது படிக்கு முதல் டிவிஷன் என்று பெயர். நான்காவது படிக்கு மூன்றாம் டிவிஷன். அதற்கும் கீழே வழுக்கினால் ஃபுட்பால் லீக்கை விட்டே வெளியே.

மூவரில் மார்டினெஸின் கதைதான் நீண்டது. 1973-இல் கேட்டலோனியாவில் பலாகேர் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்ம வயதில் ரியல் சரகோசா அணியின் இளைஞர் பிரிவுக்குப் போனார். ஸ்பெயினின் முதல்நிலை லீக்கில் அந்த அணிக்காக அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். பிறகு சொந்த ஊர் அணிக்கே திரும்பிவிட்டார். இடையில் பிசியோதெரபி படித்துப் பட்டமும் வாங்கினார். வயது 22. இப்படி ஒரு மேட்ச் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஸ்பெயின் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

விகனுக்கு வந்தவர் நடுக்கள ஆட்டக்காரர். பந்தைக் காலில் வாங்கி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்து, நகர்ந்து, திரும்ப வாங்கிப் பழகியவர். அவர் வந்து சேர்ந்த லீக்கிலோ பந்து பெரும்பாலும் வானத்தில்தான் இருந்தது. பின்களத்திலிருந்து ஓங்கி ஓர் உதை. எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஃபார்வர்டு தலையால் முட்டுவார். சிதறி விழுவதைப் பிடிக்க நாலு பேர் ஓடுவார்கள். நடுக்களத்துக்காரர் அண்ணாந்து பார்த்தபடி இங்கும் அங்கும் ஓட வேண்டியதுதான்.

திறமை போதாததால் அப்படி ஆடினார்கள் என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைகூட இல்லை. அந்த ஆட்டத்துக்கு இரண்டு ஆதாரங்கள் இருந்தன. ஒன்று சேறு. இன்னொன்று ஒரு கணக்கு நோட்டு.

முதலில் சேறு. இங்கிலாந்துப் புல்லுக்கு மண்ணின் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். நவம்பரில் பூட்ஸ் ஆணி பிய்த்த இடம் மார்ச் வரை ஆறாது. ஆனால் ஆட்டங்கள் நிற்பதில்லை. ஜனவரி வரும்போது கோல் முகப்பிலும் நடுக்களத்திலும் புல்லே இருக்காது, மண்தான். நல்ல பரப்பில் பந்து உருளும்போது இழக்கும் ஆற்றல் கொஞ்சம். சேற்றிலோ அது தன் எடையால் ஒரு சின்னப் பள்ளத்தை அழுத்தி, அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஏறிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. 410 முதல் 450 கிராம் எடையுள்ள பந்து, அடி அடியாக மண்ணை நசுக்குவதிலேயே தன் வேகத்தைச் செலவழித்துவிடும்.

இன்று செயற்கைப் புல்தரைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது ஃபிஃபா ஒரு சோதனை நடத்துகிறது. ஒரு மீட்டர் உயரச் சரிவிலிருந்து பந்தை உருட்டி விடுவார்கள். உயர்ந்த தரச் சான்று வேண்டுமானால் அது 4 மீட்டருக்குக் குறையாமல், 8 மீட்டரைத் தாண்டாமல் போய் நிற்க வேண்டும். அந்த வரம்பின் அர்த்தம், பாஸ் கொடுப்பவருக்குப் பந்து எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதுதான். ஜனவரி சேற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது. இரண்டு மீட்டர் வழுக்கும், மூன்றாவது மீட்டரில் படக்கென்று நிற்கும். காற்றில் போகும் பந்துக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. உயரத்தில் உதைத்தவர்கள் இயற்பியலுக்கு விரோதமாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இனி நோட்டு. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார் சார்ல்ஸ் ரீப். விமானப்படையில் விங் கமாண்டர். படையில் அவர் பார்த்தது கணக்குத் துறை வேலை. அன்றைய ஆட்டத்தில் ஸ்விண்டன் தாக்கிக்கொண்டே இருக்கிறது, கோல் விழ மாட்டேன் என்கிறது. எரிச்சலில் இரண்டாம் பாதியில் நோட்டை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். அதன்பின் அந்த நோட்டை அவர் கீழே வைக்கவே இல்லை. இரவு ஆட்டங்களில் எழுத வெளிச்சம் வேண்டுமென்று சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்காருவார். 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சுவரில் ஒட்டும் காகிதச் சுருள் ஒன்றில் பாஸ் பாஸாக வரைந்தார். கணினி இல்லாத காலத்தில் ஒரு தனி மனிதர் இவ்வளவு செய்தார் என்பதற்கே ஒரு கும்பிடு போட வேண்டும்.

1968-இல் பெர்னார்டு பெஞ்சமினோடு சேர்ந்து பிரிட்டனின் புள்ளியியல் கழக இதழில் கட்டுரையும் வெளியிட்டார். அவர் கண்டது: விழும் கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம், மூன்று பாஸோ அதற்கும் குறைவோ கொண்ட நகர்வுகளிலிருந்து வருகிறது. அப்படியானால் நாலாவது பாஸ் எதற்கு? பந்தைச் சீக்கிரம் எதிரணிக் கோல் பக்கம் அனுப்பு. இந்தக் கருத்து வெவ்வேறு வழிகளில் பயிற்சியாளர்களிடம் பரவியது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் துறையில் பெரிய பொறுப்பிலிருந்த சார்ல்ஸ் ஹியூஸும் கிட்டத்தட்ட இதே முடிவையே 1990-இல் புத்தகமாகப் போட்டார். சேற்றில் பழக்கமாக இருந்ததற்கு இப்போது கணிதத்தின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். ஒரு பள்ளியில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள்; பரிசு வாங்கியவர்களில் பத்தில் எட்டு பேர் பஸ்ஸில் வந்தவர்கள். உடனே தலைமையாசிரியர், பஸ்ஸில் வந்தால் படிப்பு வரும் என்று சுற்றறிக்கை விட்டால் எப்படி இருக்கும்? நடந்து வந்த அந்தச் சிலர்தான் தங்கள் பங்குக்கு மேல் பரிசை அள்ளியிருக்கிறார்கள்.

ரீப்பின் தரவிலேயே இது இருக்கிறது. மொத்த நகர்வுகளில் 91 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸுக்குள் முடிந்துபோனவை. கால்பந்தில் பந்து அவ்வளவு சீக்கிரம் பறிபோகும். ஒரு பேச்சுக்கு 1000 நகர்வுகளில் 10 கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டை நகர்வுகள் 910, அவற்றில் 8 கோல். அதாவது 114-க்கு ஒன்று. நீண்ட நகர்வுகள் 90, அவற்றில் 2 கோல், 45-க்கு ஒன்று. மூன்றாவது பாஸைத் தாண்டிய நகர்வு கோலாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகம்! கோல்களை மட்டும் எண்ணி, மொத்த நகர்வுகளின் எண்ணிக்கையால் வகுக்க மறந்ததில் முடிவு தலைகீழாகிவிட்டது.

2005-இல் மைக் ஹியூஸும் இயன் ஃப்ராங்க்ஸும் 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை எடுத்து இப்படி வகுத்துப் பார்த்தார்கள். வெற்றி பெறும் அணிகளுக்கு நீண்ட நகர்வுகள் அதிக கோல் கொடுத்தன என்றே வந்தது. ஆனால் கோலை நோக்கி உதைத்த பந்துகளில் எத்தனை கோலாயின என்று பார்த்தபோது நேரடி ஆட்டத்தின் கையே ஓங்கியிருந்தது. ரீப்பை முட்டாளாக்கிச் சிரிப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். நல்ல அணி என்பதால்தான் பத்துப் பாஸ் கொடுக்க முடிகிறதோ, பத்துப் பாஸ் கொடுப்பதால் நல்ல அணி ஆகிறதோ, அதையும் இந்த வகுத்தல் சொல்லிவிடாது.

மார்டினெஸ் இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு விகனுக்கு வந்தவரல்ல. அவருக்கு வாய்த்தது வேறு ஒரு பயிற்சி. பாஸ் ஆட்டத்தின் அடித்தளம் கண்ணும் கழுத்தும். மனிதக் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி இரண்டு டிகிரி அகலம்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. மற்றதெல்லாம் மங்கல். பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் வருபவர் தெரிய மாட்டார். மூளை ஒன்றைக் கண்டு உடல் அசைய ஏறத்தாழ 0.2 வினாடி பிடிக்கும். வினாடிக்கு 7 மீட்டர் ஓடிவரும் எதிரி அதற்குள் 1.4 மீட்டர் நெருங்கிவிடுவார். நடுக்களத்தில் 1.4 மீட்டர் என்பது பந்து உன்னுடையதா அவருடையதா என்கிற தூரம். ஆகவே பந்து வந்து சேரும் முன்பே திரும்பித் திரும்பிப் பார்த்துப் படத்தை மனதில் வைத்திருக்க வேண்டும்.

நார்வே விளையாட்டு உளவியலாளர் கெய்ர் யோர்டெட் இதை ஆட்டப் பதிவுகளிலிருந்து எண்ணினார். பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் இங்கிலாந்து நடுக்களத்துக்காரர் ஃப்ராங்க் லாம்பார்டு வினாடிக்குச் சராசரி 0.62 முறை தலையைத் திருப்பிப் பார்த்தார், ஸ்பெயினின் ஷாவி 0.83 முறை. விருது வாங்கிய நடுக்களத்துக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் பார்த்தார்கள். விகன் மைதானத்தில் யாரும் மார்டினெஸின் கழுத்தை எண்ணவில்லை, பாவம். ஆனால் ஸ்பெயினில் சிறுவர்களை ஒரு வட்டத்தில் நிறுத்தி, நடுவில் ஓரிருவரை விட்டு, அவர்களிடம் சிக்காமல் பந்தைச் சுற்றவைக்கும் ரோண்டோ பயிற்சி இந்தப் பார்வையைத்தான் பழக்குகிறது.

பலன் என்ன? முதல் பருவத்திலேயே அவர் விகனுக்காக 13 கோல் போட்டார். அந்த டிவிஷனின் சிறந்த அணிப் பட்டியலில் சக ஆட்டக்காரர்கள் அவரைத் தேர்ந்தார்கள். அடுத்த பருவமும் தேர்ந்தார்கள். அந்த 1996-97 பருவத்தில் விகன் பட்டம் வென்ற விதம் தனிக் கதை. விகனுக்கும் லண்டன் அணியான ஃபுல்ஹாமுக்கும் 87 புள்ளிகள். வழக்கமான கோல் வித்தியாசப்படி பார்த்தால் ஃபுல்ஹாம் ஒரு கோல் முன்னே. ஆனால் அப்போதைய ஃபுட்பால் லீக் விதி, சமநிலையில் அதிக கோல் போட்டவருக்கே முதலிடம் என்றது. விகன் போட்டது 84, ஃபுல்ஹாம் 72. அந்த விதி வேண்டும் என்று சில ஆண்டுகள் முன்பு வாதாடியவர் ஃபுல்ஹாமின் தலைவர் ஜிம்மி ஹில்! 84-இல் 31 கோல் கிரேம் ஜோன்ஸ் போட்டவை. பின்னாளில் மார்டினெஸ் பயிற்சியாளரானபோது போன பல இடங்களுக்கும் துணைக்கு அழைத்துப் போன ஆள் இவர்தான்.

விகனில் ஆறு பருவம். பிறகு ஸ்காட்லாந்தின் மதர்வெல், இங்கிலாந்தின் வால்சால் என்று கொஞ்சம் அலைச்சல். 2003 தொடக்கத்தில் ஸ்வான்சி சிட்டிக்கு வந்தார். வேல்ஸ் நாட்டு ஊர் என்றாலும் ஆடுவது இங்கிலாந்து லீக்கில். அப்போது நான்காவது படியின் அடிமட்டத்தில். அதன் மைதானம் வெட்ச் ஃபீல்டு. 1912-இல் அணி முதல் பருவம் ஆடியபோது அங்கே புல்லே கிடையாது, நிலக்கரிச் சாம்பல் கட்டித் தரை. முழங்காலில் உறை கட்டிக்கொண்டு ஆடினார்கள். 2003 மே 3, பருவத்தின் கடைசி நாள். தோற்றால் லீக்கை விட்டே போகும் ஆபத்து. ஹல் சிட்டியிடம் ஒரு கட்டத்தில் 1-2 என்று பின்தங்கி, ஜேம்ஸ் தாமஸின் மூன்று கோல்களோடு 4-2 என்று வென்று தப்பித்தார்கள்.

அந்த அணியில் மார்டினெஸோடு நடுக்களத்தில் இருந்தவர் லியான் பிரிட்டன். ஐந்தரை அடி உயரம்தான். உயர உதை ஆட்டத்தில் இப்படிப்பட்டவருக்கு வேலையே இல்லை. 2007 பிப்ரவரியில் மார்டினெஸ் அதே ஸ்வான்சிக்கு மேனேஜராகத் திரும்பினார். பந்து தரையில் இறங்கியது. அதற்குள் அணி லிபர்ட்டி ஸ்டேடியத்துக்குக் குடிபோயிருந்தது. கேட்டலோனியாவின் தெராசா அணியிலிருந்து ஆன்ஹெல் ராங்ஹெல் என்ற பின்களத்துக்காரரைக் கூட்டிவந்தார். அவர் 11 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். 2007-08இல் 92 புள்ளிகளோடு மூன்றாவது படியின் பட்டம். 2009-இல் மார்டினெஸ், அதற்குள் பிரீமியர் லீக்குக்கு ஏறியிருந்த விகனுக்கு மேனேஜராகப் போன பிறகும் ஸ்வான்சியின் ஆட்டமுறை மாறவில்லை. மேனேஜராகப் பாலோ சோசா வந்தார், பிரெண்டன் ரோட்ஜர்ஸ் வந்தார், 2011-இல் பிரீமியர் லீக்கும் வந்தது. பிரிட்டன் நான்கு படிகளிலும் ஸ்வான்சிக்காக ஆடிய ஆளானார்.

மார்டினெஸ் 2013 மே 11 அன்று விகனை எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். எதிரே பெரும் பணக்கார மான்செஸ்டர் சிட்டி. தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. தடைபட்ட நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் ஷான் மலோனி கார்னர் உதைத்தார், பென் வாட்சன் தலையால் முட்டினார், பந்து உள்ளே. ரீப் 2002-இலேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் நோட்டில் ஒரு பாஸ், ஒரு கோல் என்று குறித்திருப்பார். மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 1-4 என்று தோற்று விகன் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஒரே பருவத்தில் கோப்பையையும் வென்று கீழேயும் இறங்கிய முதல் அணி அதுதான். அந்தக் கோடையிலேயே மார்டினெஸ் எவர்ட்டனுக்குக் கிளம்பிவிட்டார்.