அரை லிட்டர் ரத்தம் கீழே இறங்கினால்

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அதில் அரை லிட்டருக்கும் மேல் வயிறு, கால் பகுதிகளின் சிரைகளில் இறங்கித் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் ரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது.

இதை முதலில் அறிவது கழுத்து. தாடைக்குச் சற்றுக் கீழே, கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தின் சுவரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இவை உண்டு. அழுத்தம் குறைந்து தமனிச் சுவர் தளர்ந்தால், இவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும் சைகையும் குறைகிறது. உடனே பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன. இதயத்துடிப்பு கூடுகிறது, நுண்தமனிகள் சுருங்குகின்றன, சிரைகள் இறுகி, தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். முதுமையில் இந்த வேகம் மந்தமாவதால்தான் சட்டென எழும்போது சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

ரத்தத்தின் அளவே குறைந்துபோனால் நரம்புகள் மட்டும் போதாது. கடும் வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. அப்போது சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள் 1898-ல் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டறிந்த பொருள் இது. கல்லீரல் தரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, பெரும்பாலும் நுரையீரலில் உள்ள இன்னொரு நொதி அதை மேலும் நறுக்க, ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது. இது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனையும் வரவழைக்கிறது. ஆல்டோஸ்டீரோன் உப்பைப் பிடித்து நிறுத்த, உப்போடு நீரும் நிற்கிறது. பிட்யூட்டரி சுரப்பியின் வாசோபிரெசின் சிறுநீரைக் குறைக்கிறது, தாகமும் எடுக்கிறது. குடிக்கும் நீரில் உப்பும் இருந்தால்தான் அது ரத்தத்தில் தங்கும். உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஏறத்தாழ ஒன்றரை லிட்டரை மட்டுமே வெளியே விடுகின்றன. மீட்கும் விகிதம் துளி மாறினாலும் ரத்த அளவு வெகுவாக மாறிவிடும். நீர் மிகுந்தால் இதயத்தின் மேலறைகள் விரிந்து, உப்பை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இது 1981-ல் தெரியவந்தது.

உயர்ந்த அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் கழுத்து உணரிகள் அதையே இயல்பாக ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே ரத்தக்கொதிப்பு மருந்துகள் பலவும் சிறுநீரகத்தின் பாதையையே குறிவைக்கின்றன. சில, சிறுநீரைப் பெருக்கும். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சைப் பற்றிய ஆய்விலிருந்து பிறந்த கேப்டோபிரில், ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைத் தடுக்கும்.