பென்னைன் மலையைக் கடக்கும் பெருந்தெரு

இங்கிலாந்தின் வட பாகத்தைக் கிழக்கு மேற்கு என இரு கூறாக்கி நிற்பது பென்னைன் மலைத்தொடர். தெற்கு வடக்காகச் செல்வோர்க்கு இம்மலையால் யாதொரு தடையுமில்லை. அதன் இருமருங்கும் இருப்புப் பாதைகளும் அகன்ற மோட்டார்த் தெருக்களும் ஓடுகின்றன. குறுக்கே கடக்க விரும்புவோர்க்கே இடர்ப்பாடு. அவர்களுக்கு வாய்த்த வழிகள் மிகச் சில. தெற்கே லீட்சையும் மான்செஸ்டரையும் இணைப்பது ஒன்று. வடக்கே நியூகாசிலையும் கார்லைலையும் இணைப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே, கம்பிரியாவிலுள்ள பென்றித் நகரிலிருந்து யோக்ஷயரின் வட எல்லையை அடுத்த ஸ்கொச் கோணர் என்னும் சந்திவரை, ஏறத்தாழ 50 மைல் தூரம் மலையை ஊடறுத்துச் செல்வதே ஏ66 எனப்படும் பெருந்தெரு. இதனை முற்றாக அகலப்படுத்தும் திட்டமும், அதன்பாற் பட்ட வழக்குகளும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இத்தெருவை அமைத்தோர் உரோமர். ஸ்ரெயின்மோர் என்னும் கணவாயில் மலை சற்றே தாழ்ந்து, சுமார் 1400 அடி உயரத்தில் வழிவிடுகின்றது. அவ்வழியை அவர்கள் கண்டுகொண்டு, புறோம், கேர்க்பி தோர், புறஃப், போவெஸ் முதலிய இடங்களிலே கோட்டைகளைக் கட்டினர். கணவாயின் உச்சியில் றே குறொஸ் என்னுமிடத்தில் அவர்தம் படைகள் தங்கிய பாசறையின் மண் அரண் இன்றும் காணப்படுகின்றது. உரோமத் தெரு அப்பாசறையை ஊடறுத்துச் செல்வதால், பாசறை தெருவினும் முந்தியது என்பது தெளிவு. அண்மையில் நிற்கும் உடைந்த கற்சிலுவையோ பிற்காலத்தது. கி.பி. 954 இல் இம்மலையில் மாண்ட எரிக் என்னும் வைக்கிங் மன்னனின் நினைவை மக்கள் அதனோடு இணைத்துக் கூறுவர். அதற்குச் சான்றில்லை. எனினும், தெருவை விரித்தவர்கள் அக்கல்லைப் பெயர்த்துப் பக்கத்தே நிறுத்திய பின்னும் கதை மட்டும் பெயரவில்லை.

ஆங்கில இலக்கியம் பயின்றோர்க்கும் இத்தெரு முற்றிலும் அந்நியமன்று. 1838 ஆம் ஆண்டு தை மாதக் கடுங்குளிரில் சாள்ஸ் டிக்கென்ஸ் இலண்டனிலிருந்து கோச்சு வண்டியேறி, பனி மூடிய இவ்வழியே கிறீற்றா பிறிட்ஜ் வந்திறங்கினார். போவெஸ் கிராமத்திலும் அயலிலும் நடைபெற்ற மலிவான விடுதிப் பாடசாலைகளின் கொடுமையை நேரிற் காண்பதே அவர் நோக்கம். அப்பயணத்தின் பயனே ‘நிக்கலஸ் நிக்கில்பி’ என்னும் நாவல். வேண்டாத பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதற்கு ஏற்ற தூரத்துக் காட்டிடமாக அம்மலைச்சாரல் கருதப்பட்டமைக்குப் போக்குவரத்தின் அருமையும் ஒரு காரணமெனலாம். ஆசிரியத் தொழில் புரிவோர் மறத்தற்கரிய நூல் அது.

இது நிற்க. 1861 இல் ஸ்ரெயின்மோர் மீது இருப்புப் பாதை அமைந்தது. டரம் மாவட்டத்துக் கற்கரி மேற்கே சென்று இரும்பு உருக்கும் உலைகளை அடைந்தது. இரும்புத்தாது கிழக்கே வந்தது. நூறாண்டு உழைத்த அப்பாதை 1962 இல் மூடப்பட்டது. பள்ளத்தாக்குகளைக் கடந்து நின்ற உயர்ந்த இரும்புப் பாலங்களும் கழற்றி விற்கப்பட்டன. இருப்புப் பாதையை மூடியமை சரியா தவறா என்பது வேறு ஆராய்ச்சி. ஆயின், அதன்பின் இக்கணவாயைக் கடக்கும் பாரம் யாவும் தெருவின் தலையிலேயே விழுந்தது என்பதை மறுத்தல் இயலாது.

அவ்வாறு விழுந்த பாரம் சிறிதன்று. ஸ்கொட்லாந்தின் தென்மேற்குத் துறைமுகங்களில் வட அயர்லாந்திலிருந்து வந்திறங்கும் லொறிகள், இங்கிலாந்தின் கிழக்குக் கரைத் துறைமுகங்களை நோக்கிச் செல்வதற்குக் கொள்ளும் வழி இதுவே. இத்தெருவிற் செல்லும் நான்கு வாகனங்களுள் ஒன்று பார லொறி என்பர். இத்தகைய தெருக்களில் நாடளாவக் காணப்படும் விகிதத்தினும் இது இரு மடங்குக்கு மேற்பட்டது.

இத்தெருவின் குறை யாதெனின், அதன் ஒருமையின்மை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இது துண்டு துண்டாகவே திருத்தப்பட்டது. ஓரிடத்தில் ஊரைச் சுற்றி ஒரு புறவழி. மற்றோரிடத்தில் மலைமீது சில மைல் விரிவு. 2007 இல் ரெம்பிள் சவர்பி கிராமத்துக்கு ஒரு புறவழி. இதன் பயனாகப் பெரும்பாகம் இரட்டைத் தடமாகியும், ஆறு தனித்தனித் துண்டுகள், மொத்தம் 18 மைல், ஒற்றைத் தடமாகவே எஞ்சின. இரட்டைத் தடத்தில் போவதும் வருவதும் நடுவரம்பால் பிரிக்கப்படும். ஒற்றைத் தடத்திலோ எதிரெதிரே வரும் வண்டிகளுக்கிடையே வெறும் கோடு ஒன்றே காவல்.

முழுவதும் ஒற்றைத் தடமாயிருப்பின் ஓட்டுநர் முதலிலிருந்தே அடங்கிச் செல்வர். இங்கோ அவர்கள் மனநிலை அடிக்கடி மாறவேண்டியிருக்கின்றது. ஒற்றைத் தடத்தில் ஒரு லொறியின் பின்னே நீண்ட வரிசையாக ஊர்ந்து வந்தவர்கள், தெரு விரிந்ததும் ஒருவரை ஒருவர் முந்த முயல்வர். விரிவு முடியும் இடம் நெருங்க நெருங்க அவசரம் மிகும். 2015 வரை பார லொறிகள் ஒற்றைத் தடத்தில் மணிக்கு 40 மைலுக்கு மேற் செல்லச் சட்டம் இடங்கொடாதிருந்தது. அவ்வாண்டு அது 50 மைலாக உயர்த்தப்பட்டதனால் வரிசை சிறிது குறுகியிருக்கலாம்; தெரு மாறவில்லை. விபத்து ஒன்று நேரின் மாற்றுவழி அருகில் இல்லை. சிறிய வண்டிகள் கிராம ஒழுங்கைகளிற் புகும். பெரியவை பல மைல் சுற்றவேண்டும்.

இயற்கையும் துணைபுரிவதில்லை. மாரியிற் பனி விழுந்து மேட்டுப் பகுதி அடைபடுவதுண்டு. மேற்குச் சரிவில் ‘ஹெல்ம்’ எனப் பெயர்பெற்ற காற்று வீசும். பிரித்தானியாவிலே தனக்கெனப் பெயருடைய காற்று இஃதொன்றே என்பர். வடகிழக்கிலிருந்து வரும் காற்று, பென்னைனின் மிகவுயர்ந்த சிகரமாகிய குறொஸ் ஃபெல்லைத் தாண்டி ஈடின் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பெரும் விசையுடன் இறங்குகின்றது. அப்போது சிகரத்தின்மீது தலைக்கவசம் போன்று மேகம் கவிந்து நிற்கும். கோடன் மான்லி என்னும் வானிலை அறிஞர் 1930களின் பிற்பகுதியில் மலைமீது குடிசை ஒன்றில் தங்கி இதனை அளந்தார். காற்றுக்குப் பயந்து உயரமான லொறிகளை மறிக்கும் நாட்களும் இத்தெருவுக்கு உண்டு.

எஞ்சிய ஆறு துண்டுகளையும் இரட்டைத் தடமாக்கி, இரு அந்தத்துச் சந்திகளையும் திருத்துவதே புதிய திட்டம். வரைவழி 2020 இல் அறிவிக்கப்பட்டது. பத்தாண்டு வேலையை ஐந்தாண்டில் முடிப்போம் என அக்கால அரசாங்கம் முழங்கிற்று. முழக்கம் எளிது. 2008 ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய திட்டம் ஒவ்வொன்றும் பரிசோதகர் முன் சென்று, எதிர்ப்போர் கூற்றுக் கேட்கப்பட்ட பின்னரே அமைச்சரின் முடிவுக்கு வரும். 2022 இல் விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. 2024 மார்ச் 7 ஆம் திகதியே அனுமதி கிடைத்தது.

அவ்விசாரணையில் எழுந்த வினாக்கள் யாவும் அற்பமானவையல்ல. கேர்க்பி தோர் கிராமத்தின் வடபுறம் புறவழி செல்லின் உரோமக் கோட்டை தப்பும். ஆனால் வயல்கள் பிளவுபடும், ட்ரவுட் பெக் என்னும் ஓடையின் வெள்ளச் சமவெளிமீது நீண்ட பாலம் எழும். அந்நீர் சென்றடையும் ஈடின் ஆறோ சட்டத்தாற் காக்கப்படுவது. வார்க்கொப் அருகே வடக்கில் இராணுவப் பயிற்சி நிலமும், இயற்கை எழிலுக்காகக் காக்கப்படும் மலைச்சாரலும். தெற்கில் குடிகளும் வயல்களும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவர்க்கு இழப்பு. அவ்விடத்தேதான் நடுக்காலந் தொட்டு நடைபெற்று வருவதும் ஜிப்சி மக்கள் கூடுவதுமாகிய புறஃப் ஹில் குதிரைச் சந்தைத் திடலும் உளது. தெரு அத்திடலைக் கொள்ளும். அதற்கீடாக வேறு நிலம் தருவோம் என்றனர் திட்டகாரர். சந்தை கூடுவோர் ஆட்சேபித்தனர். நிலத்தின் பரப்பைச் சமப்படுத்தலாம். பாட்டன் குதிரை கட்டிய இடம் என்னும் உரிமையுணர்வை எவ்வாறு அளந்து ஈடுசெய்வது? மலையுச்சிச் சதுப்பு நிலங்களின் பாசிமீது வாகனப் புகையின் நைதரசன் படிவதால் விளையும் கேடும் விரிவாக ஆராயப்பட்டது. நூற்றாண்டுகளாகத் திரண்ட கரியைத் தன்னுட் காத்துவைத்திருப்பது அச்சதுப்பு.

எல்லாவற்றினும் கூரிய வாதம் பணம் பற்றியது. செலவு நூறு கோடிப் பவுணுக்கும் மேற்பட்டது. பொருளியலாளர் முறைப்படி கணக்கிட்டபோது, செலவிடும் ஒரு பவுணுக்கு ஈடாக ஒரு பவுண் பயன்கூடக் கிடையாது எனத் தெரிந்தது. எதிர்ப்போர்க்கு இஃதொரு பேராயுதம். எனினும் அக்கணக்கு எதனை எண்ணுகின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். பயணிகள் மீதப்படுத்தும் நிமிடங்களே அதன் பெரும் பகுதி. மக்கள் அடர்ந்த தென்பகுதியில் ஒரு நிமிட மிச்சம் பல்லாயிரவராற் பெருகும். வடக்கில் அவ்வாறு பெருகாது. ஆகவே இம்முறையை மட்டும் பின்பற்றின் முன்னரே செழித்த இடமே மேலும் தெருப்பெறும் என வடபகுதியார் கூறுவது நியாயமே. ஆயின், தெரு விரிந்தால் வாகனம் பெருகும், புகை பெருகும் என மற்றவர் கூறுவதும் பொய்யன்று. இவ்விரு நியாயங்களையும் ஒரே தராசில் வைக்கும் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

2024 இல் ஆட்சி மாறியதும் திட்டம் மறுபரிசீலனைக்குட்பட்டது. 2025 ஜூலை மாதத்தில் புதிய அரசாங்கமும் நிதி வழங்க இணங்கிற்று. புறஃபுக்கும் போவெசுக்கும் இடையே கணவாயின் உச்சி முன்னரே இரட்டைத் தடமானமையால், றே குறொஸ் சிலுவையை இம்முறை நகர்த்த வேண்டிய அவசியம் எழவில்லை.